டைபர் ஆற்றின் எந்தக் கரை?

ஷேக்ஸ்பியரின் 'ஜூலியஸ் சீசர்' நாடகத்தில், கொலையுண்ட சீசரின் உயிலை ஆண்டனி கூட்டத்துக்கு வாசிக்கிறான். குடிமகன் ஒவ்வொருவனுக்கும் 75 டிராக்மா. ரோமானியனின் உயிலில் டிராக்மா ஏன்? அது கிரேக்க வெள்ளி நாணயம். லத்தீனில் எழுதிய சூட்டோனியஸ், தலைக்கு 300 செஸ்டர்ஷியஸ் என்று ரோமானியக் கணக்கில் சொல்கிறார். நான்கு செஸ்டர்ஷியஸ் ஒரு டிராக்மாவுக்குச் சமம். பெருக்கினால் தொகை ஒன்றுதான். ஆக, தொகையை வைத்து எதையும் நிறுவ முடியாது. நாணயத்தின் பெயர்தான் தடயம். கிரேக்கரான புளூட்டார்க், புரூட்டஸின் வாழ்க்கை வரலாற்றில் 75 டிராக்மா என்றே எழுதியிருக்கிறார்.

அப்படியானால் ஷேக்ஸ்பியர் கிரேக்க மூலத்தையே படித்தாரா? அவருக்கு லத்தீன் கொஞ்சம், கிரேக்கம் அதைவிடக் கொஞ்சம் என்று அவருடைய நண்பர் பென் ஜான்சன் 1623-இல் எழுதினார். நண்பரின் சொல்லை மட்டும் நம்பி முடிவு கட்ட எனக்கு மனம் வரவில்லை. அதே உயிலை மேலும் படித்தேன்.

சீசர் தம் தோட்டங்களையும் மக்களுக்கு விட்டுச் செல்கிறார். அவை டைபர் ஆற்றுக்கு 'இந்தப் பக்கம்' இருப்பதாக ஆண்டனி சொல்கிறான். புளூட்டார்க்கின் கிரேக்கத்திலோ 'பெரான்' என்றிருக்கிறது. அக்கரை என்று பொருள். ரோமிலும் அந்தத் தோட்டங்கள் அக்கரையில்தான் இருந்தன.

1733-இல் நாடகங்களைப் பதிப்பித்த லூயிஸ் தியோபால்ட் இதைக் கண்டு, புளூட்டார்க்கைச் சான்று காட்டி 'அந்தப் பக்கம்' என்று பாடத்தைத் திருத்தினார். நானாக இருந்தாலும் அதைத்தான் செய்திருப்பேன். ஆனால் 1767-இல் கேம்பிரிட்ஜ் அறிஞர் ரிச்சர்ட் ஃபார்மர், கிரேக்க மூலத்தை விட்டுவிட்டு, தாமஸ் நார்த் 1579-இல் வெளியிட்ட ஆங்கில மொழிபெயர்ப்பைப் பார்க்கச் சொன்னார். அதில் இருப்பது 'இந்தப் பக்கம்'. ஷேக்ஸ்பியர் தவறவில்லை, கையிலிருந்த புத்தகத்தில் கண்டபடி எழுதியிருக்கிறார்.

நார்த் ஏன் தவறினார்? அவருடைய நூலின் முகப்புப் பக்கமே விடை சொல்கிறது: கிரேக்கத்திலிருந்து ஆமியோ பிரெஞ்சுக்குக் கொண்டுவந்ததை, பிரெஞ்சிலிருந்து ஆங்கிலமாக்கியது இது. ஜாக் ஆமியோவின் பிரெஞ்சு நூல் 1559-இல் வந்தது. அக்கரை இக்கரையானது அங்கேதான். கிரேக்கத்தில் தேர்ந்த ஆமியோ அந்த ஒரு சொல்லில் எப்படிச் சறுக்கினார் என்பது இன்றும் எனக்கு வியப்பு.

ஒற்றைச் சான்று போதாது என்பவர்களுக்கு இன்னொன்றும் உண்டு. 'ஆண்டனியும் கிளியோபாட்ராவும்' நாடகத்தில், ஆண்டனி அவளுக்கு வழங்கும் நாடுகளில் லிடியாவும் ஒன்று. புளூட்டார்க்கில் அது லிபியா, நார்த்தில் லிடியா. இதையும் எடுத்துக் காட்டியவர் ஃபார்மர்தான்.

ஏதென்ஸும் ரோமும் லண்டன் மேடைக்கு வந்த வழியை இந்தப் பிழைகள்தாம் காட்டிக்கொடுத்தன. தியோபால்டின் திருத்தம் நிலைத்திருந்தால் அந்தத் தடம் அழிந்திருக்கும். இன்றைய பதிப்புகளில் சீசரின் தோட்டங்கள் இக்கரையிலேயே இருக்கின்றன.