குட்டி டிராக்டர்: கொஞ்சம் வரலாறு, கொஞ்சம் கணக்கு

அமெரிக்காவில் பல வீடுகளில் புல் வெட்டுவதற்கென்றே ஒரு வண்டி உண்டு. ஸ்டியரிங், சீட் எல்லாம் இருக்கும். உட்கார்ந்து ஓட்டினால் அடியில் பிளேடு சுற்றி, தோட்டத்துப் புல்லை வெட்டிக்கொண்டே போகும். பெரிய டிராக்டர் செய்து பெயர் வாங்கிய ஜான் டீர் நிறுவனம் 1963-இல் இந்தத் தோட்ட டிராக்டர் வியாபாரத்திலும் இறங்கியது.

காஞ்சிபுரத்துக்கும் செங்கல்பட்டுக்கும் நடுவில், பாலாற்றங்கரையில் இருக்கும் பழையசீவரம் போன்ற ஊரில் அப்படிப்பட்ட புல்தரைக்கு வேலை இல்லை. இங்கே இருப்பது ஏரித் தண்ணீரையும் கிணற்றுத் தண்ணீரையும் நம்பிய நெல் வயல். ஆனால் "உட்கார்ந்து ஓட்டுகிற சின்ன வண்டி, கைக்கு அடக்கமான விலையில் எது? எங்கே வாங்குவது?" என்ற கேள்வி இங்கேயும் உண்டு. அந்த வண்டியின் பெயர் மினி டிராக்டர். அந்தக் கேள்விக்கு அறுபது வருட வரலாறு இருக்கிறது!

பெரிய வண்டி முதலில் வந்தது

சுதந்திரம் வந்த 1947-இல் மத்திய டிராக்டர் நிறுவனம் என்ற அரசு அமைப்பு உருவானது. உலகப்போர் முடிந்தபின் அமெரிக்க ராணுவம் விட்டுச்சென்ற டிராக்டர்களை வைத்து, மத்திய இந்தியாவில் ஆழமாக வேர் விட்ட காட்டுப் புல் மண்டிக் கிடந்த நிலங்களை உழுது திருத்தினார்கள். அப்போது சொந்தமாக டிராக்டர் வைத்திருந்த தனி ஆட்கள் மிகக் குறைவு. 

1959-இல் ஐஷர் நிறுவனம் ஃபரிதாபாத்தில் இந்தியாவிலேயே முதல் டிராக்டரைத் தயாரித்தது. அடுத்த ஆண்டே சென்னையில் டாஃபே தொடங்கப்பட்டது. பிரிட்டனின் மாஸ்ஸி ஃபெர்குசன் தொழில்நுட்பத்தில், செம்பியம் தொழிற்சாலையில் டிராக்டர் தயாரானது. தமிழ்நாட்டுக் கிராமங்களில் இன்றும் "மாஸ்ஸி" என்றால் தெரியாதவர் கிடையாது.

ஆனால் அந்த வண்டி சுமார் 35 குதிரைசக்தி. பிரிட்டன் பண்ணைகளை மனதில் வைத்து வடிவமைத்தது. அதே 1960-இல் ஜப்பானின் குபோட்டா நிறுவனம் 15 குதிரைசக்தி டிராக்டரைச் செய்தது, ஏனென்றால் ஜப்பான் விவசாயியிடம் இருந்தது துண்டு நிலம்தான். தமிழ்நாட்டு விவசாயியின் நிலம் ஜப்பான்காரருடையது போல. அவருக்குக் கிடைத்த வண்டியோ பிரிட்டன்காரருடையது! இந்தப் பொருத்தமின்மைதான் பின்னால் வந்த பல சிக்கல்களுக்கு ஆரம்பம்.

"எங்கே வாங்குவது?"

1960-களின் இறுதியில் பசுமைப் புரட்சி வந்தது. டிராக்டருக்குத் தேவை கூடியது, உற்பத்தி போதவில்லை. 1967-இல் அரசு விலைக்கட்டுப்பாடு கொண்டுவந்தது. 1971-இல் விநியோகத்துக்கும் விற்பனைக்கும் தனி ஆணை போட்டது. பணம் இருந்தாலும் பதிவு செய்துவிட்டுக் காத்திருக்க வேண்டும். தட்டுப்பாடு உள்ள எந்தப் பொருளுக்கும் நடப்பது போல, கைமாறும்போது விலை ஏறியது. ஆக, அப்போது "எங்கே வாங்குவது" என்றால் "எந்தப் பட்டியலில் பெயர் இருக்கிறது" என்று அர்த்தம்.

1969 ஜூலை 19 அன்று 14 வங்கிகள் தேசியமயமாயின. விவசாயக் கடன் வங்கிகளின் கடமையானது. 1929-லேயே சென்னையில் மத்திய நில அடமான வங்கி தொடங்கப்பட்டு, அதன் வழி வந்த நிலவள வங்கிகளும் கடன் கொடுத்தன. 1982-இல் நபார்டு வந்தது. இப்போது கேள்வி மாறியது. பட்டியல் போய், பட்டா முக்கியமானது. ஈடு வைக்க நிலம் உள்ளவருக்கு டிராக்டர். இல்லாதவர் பக்கத்து வயல்காரரின் டிராக்டர் எப்போது வரும் என்று பார்த்துக்கொண்டு நின்றார்.

சின்ன வண்டிக்கு முயற்சியே நடக்கவில்லை என்று சொல்ல முடியாது. துர்காபூர் ஆய்வுக்கூடத்தில் இந்தியப் பொறியாளர்கள் வடிவமைத்த ஸ்வராஜ் 1974-இல் சந்தைக்கு வந்தது; அது 26.5 குதிரைசக்தி. 1967-இல் பெங்களூரில் தொடங்கிய வி.எஸ்.டி. நிறுவனம் ஜப்பானின் மிட்சுபிஷியோடு சேர்ந்து பவர் டில்லர் செய்தது. ஆனால் பவர் டில்லரில் பெரும்பாலும் சேற்றில் பின்னாலேயே நடக்க வேண்டும். உட்கார்ந்து ஓட்டும் 15 குதிரைசக்தி வண்டி பரவலாகப் பேசப்பட்டது 2010-ஐ ஒட்டி மஹிந்திரா யுவராஜ் வந்த பிறகுதான். 2008 இறுதியில் குபோட்டாவும் சென்னையில் தன் இந்திய நிறுவனத்தைத் தொடங்கியிருந்தது. ஜப்பானில் 1960-இல் பிறந்த யோசனை பாலாற்றங்கரைக்கு வர ஐம்பது வருடம்!

இப்போது கணக்கு

2015-16 வேளாண் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் ஒரு விவசாயியின் சராசரி நிலம் 0.75 ஹெக்டேர். அதாவது இரண்டு ஏக்கர்கூட இல்லை. அவர் மினி டிராக்டர் வாங்கலாமா?

உதாரணத்துக்கு, வண்டி 4 லட்சம், ரொட்டவேட்டரும் கலப்பையும் 1 லட்சம் என்று வைத்துக்கொள்ளலாம். மொத்தம் 5 லட்சம். பத்து வருடத்தில் தேய்மானம் என்றால் வருடத்துக்கு 50,000. சராசரிக் கடன் பாக்கி 2.5 லட்சத்துக்கு 10 சதவீத வட்டி 25,000. வண்டி ஓடினாலும் கொட்டகையில் நின்றாலும் இந்த 75,000 செலவு நிற்காது. காமர்ஸ் படித்தவர்கள் இதை நிலையான செலவு என்பார்கள்.

வாடகை மணிக்கு 800, டீசல், டிரைவர், ரிப்பேர் எல்லாம் சேர்த்து 400 என்றால் மணிக்கு 400 மிஞ்சும். 75,000-ஐ 400-ஆல் வகுத்தால் சுமார் 188 மணி நேரம். அதுதான் லாப நஷ்டமில்லாத புள்ளி. சொந்த இரண்டு ஏக்கருக்கு இரண்டு போகமும் சேடை ஓட்டினாலும் ஏறத்தாழ 16 மணி நேரம்தான் வேலை. மீதி 172 மணி நேரம் அடுத்தவர் நிலத்தில் ஓட்டியாக வேண்டும். சொர்ணவாரி, சம்பா, நவரை என்று பட்டம் வரும் சில வாரங்களில் எல்லோருக்கும் ஒரே நேரத்தில் வண்டி தேவைப்படும்; மற்ற நாட்களில் யாருக்கும் தேவைப்படாது.

கணக்கு தவறினால் என்ன ஆகும்? 2016 மார்ச்சில் ஒரத்தநாடு அருகே, டிராக்டர் கடன் தவணை பாக்கிக்காக வண்டியைப் பறிமுதல் செய்ய வந்த இடத்தில் ஒரு விவசாயியை போலீசார் அடித்த காட்சி தமிழ்நாடு முழுக்கப் பரவியது. பாக்கித் தொகையைவிட அந்த அவமானம் பெரிது.

வாங்குவதென்றால்...

ஷோரூம் விலையை மட்டும் பார்த்தால் போதாது. மத்தியப் பிரதேசத்தில் புத்னி என்ற ஊரில் 1955 முதல் இயங்கும் மத்திய அரசு நிலையம் டிராக்டர்களைச் சோதித்து அறிக்கை தருகிறது. கலப்பைக்குக் கிடைக்கும் உண்மையான சக்தி, டீசல் செலவு எல்லாம் அதில் இருக்கும். விளம்பரத்தைவிட அது நம்பகமானது.

மானியம் வேண்டுமென்றால் வேளாண்மைப் பொறியியல் துறையில் முதலில் விண்ணப்பித்து, ஒப்புதல் கிடைத்த பிறகே வாங்க வேண்டும். டிராக்டருக்கு 12 சதவீதமாக இருந்த ஜி.எஸ்.டி. 2025 செப்டம்பர் 22 முதல் 5 சதவீதமாகக் குறைந்துள்ளது. பில்லில் அது தெரிகிறதா என்று பார்க்க வேண்டும். பழைய வண்டி என்றால் ஆர்.சி. புக்கில் கடன் ரத்தாகியிருக்கிறதா என்பதுதான் முதல் கேள்வி.

டீலர் காஞ்சிபுரமா, செங்கல்பட்டா என்பதில் சில ஆயிரம் ரூபாய் வித்தியாசம் வரலாம். ஆனால் சேடை நடக்கும்போது வண்டி நின்றுவிட்டால், அன்றே உதிரிபாகத்தோடு மெக்கானிக் வருவாரா? வருகிற டீலரிடம் வாங்குவதே மலிவு.

வாங்காமல் இருப்பதும் ஒரு வழி. வேளாண்மைப் பொறியியல் துறை டிராக்டரை வாடகைக்கு விடுகிறது. உழவன் செயலியிலும் பதியலாம். 2020 ஊரடங்கில் டாஃபே நிறுவனமே தமிழ்நாட்டின் சிறு விவசாயிகளுக்கு வாடகை இல்லாமல் டிராக்டர் கொடுத்தது. நான்கைந்து பேர் சேர்ந்து ஒரு வண்டி வாங்கினால் அந்த 188 மணி நேரமும் பாரமாகத் தெரியாது.

மாட்டுப்பொங்கல் அன்று காஞ்சி வரதராஜப் பெருமாள் பார்வேட்டைக்காகப் பழையசீவரம் மலைக்கு எழுந்தருளுவார். அதே நாளில் ஊரில் மாட்டுக்குப் பொட்டு வைப்பது போல டிராக்டருக்கும் பொட்டு வைத்து மாலை போடுகிறார்கள். நல்ல வழக்கம்தான். ஒரு வித்தியாசத்தை மட்டும் மறக்கக் கூடாது: வேலை இல்லாத நாளில் மாடு வைக்கோல் கேட்கும், டிராக்டர் வட்டி கேட்கும்!