வீட்டுக் காற்றைச் சுத்தமாக்குமா ‘நானோ’ பூச்சு? கோட்டுச்சேரி மாதிரி கடலோர ஊர்களுக்கு இது சரிப்பட்டு வருமா?

ராத்திரி ஆனா ஜன்னலைச் சாத்திட்டு, கொசுவர்த்திச் சுருளை ஏத்தி வெச்சுத் தூங்குறது காரைக்கால் மாவட்டம் கோட்டுச்சேரி போன்ற டெல்டா கடலோர ஊர்களில் வழக்கம்தான். மூடிய அறைக்குள் சேரும் இந்தப் புகையை, ‘ஒளிவினையூக்கி’ நானோ பூச்சும் ஏர் பியூரிஃபையரும் சரிசெய்துவிடுமா?

ஒளிவினையூக்கி என்றால் என்ன?

வெள்ளை பெயிண்ட், சன்ஸ்கிரீன் ஆகியவற்றில் இருக்கும் டைட்டானியம் டை ஆக்சைடுதான் இதில் ஹீரோ. இதன் மூலப்பொருளான இல்மனைட், கன்னியாகுமரி மாவட்டம் மணவாளக்குறிச்சி கடற்கரை மணலிலேயே கிடைக்கிறது. டைட்டானியம் டை ஆக்சைடு மின்முனையில் ஒளி பட்டால் தண்ணீர் ஹைட்ரஜனாகவும் ஆக்சிஜனாகவும் பிரிவதை, ஜப்பானின் அகிரா ஃபுஜிஷிமாவும் கெனிச்சி ஹோண்டாவும் 1972-ல் ‘நேச்சர்’ இதழில் வெளியிட்டனர்.

எப்படி வேலை செய்கிறது?

புற ஊதாக் கதிர் பட்டதும் இந்தப் பொருளில் உள்ள எலக்ட்ரான்கள் துள்ளி எழும். அவை காற்றில் உள்ள ஆக்சிஜன், ஈரப்பதத்துடன் சேர்ந்து வீரியமான மூலக்கூறுகளை உருவாக்கும். பெயிண்ட், பிளைவுட்டில் இருந்து வரும் ஃபார்மால்டிஹைடு போன்ற வாயுக்களை அவை உடைத்து, கார்பன் டை ஆக்சைடாகவும் நீராகவும் மாற்றும். துகள் நானோ அளவுக்குச் சிறியதாக இருந்தால் மேற்பரப்பு கூடும், வேலையும் வேகமாக நடக்கும்.

அப்போ சிக்கல் எங்கே?

வெளிச்சம்: சுமார் 388 நானோமீட்டருக்குக் குறைவான புற ஊதாக் கதிர் தேவை. சூரிய ஒளியிலேயே அது கொஞ்சம்தான். வீட்டு எல்இடி பல்பில் கிட்டத்தட்ட இல்லை. சுவரில் வெறுமனே பூசினால் பெரிய பலன் கிடைக்காது.

ஈரப்பதம்: ஓரளவு ஈரம் வேண்டும். ஆனால், கடலோரக் காற்றில் இருப்பதுபோல அதிகமானால், நீர் மூலக்கூறுகளே இடத்தைப் பிடித்துக்கொண்டு மாசு வாயுக்களை ஒட்டவிடாது.

புகை: இந்தத் தொழில்நுட்பம் வாயுக்களுக்கானது. புகைத் துகளை வடிகட்டாது. ஒரு கொசுவர்த்திச் சுருள் 75 முதல் 137 சிகரெட் அளவுக்கு நுண்துகளை வெளியிடுவதாக 2003-ல் வெளியான ஆய்வு ஒன்று கூறியது.

அரைகுறை வினை: வினை பாதியில் நின்றால் ஃபார்மால்டிஹைடு போன்ற புதிய மாசு உருவாகலாம். அமெரிக்க சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமையும் இதை எச்சரித்துள்ளது.

வாங்கும் முன் என்ன பார்க்கணும்?

கருவிக்குள்ளேயே புற ஊதா விளக்கு இருக்கிறதா, துகளைப் பிடிக்க ஹெப்பா ஃபில்டர் இருக்கிறதா, ஓசோன் வெளியிடாது என்ற சான்று உள்ளதா என்று கேளுங்க. நானோ பவுடரை அறைக்குள் ஸ்ப்ரே செய்ய வேண்டாம். டைட்டானியம் டை ஆக்சைடு தூசியை மூச்சில் இழுப்பது புற்றுநோயை உண்டாக்கக்கூடும் என்ற ‘2பி’ பிரிவில் சர்வதேசப் புற்றுநோய் ஆய்வு முகமை வைத்திருக்கிறது.

அதுவரை செலவு குறைந்த வழி ஒன்று இருக்கிறது. சுருளை நிறுத்திட்டு கொசுவலை கட்டுங்க. ஜன்னலுக்கு வலை அடிச்சு காத்தோட்டமா திறந்து வைங்க. வந்த புகையைச் சுத்தம் செய்வதைவிட, புகையே வராமல் பார்த்துக்கொள்வது சுலபம்.