இரசாயன சிகிச்சையும் முடியிழப்பும்: ஒரு வரலாற்று நோக்கு

மருத்துவத்தின் வரலாற்றை எழுதுவோர் பெரும்பாலும் மருந்தின் வரலாற்றையே எழுதிச் செல்கின்றனர். எந்த ஆண்டில் எந்த ஆய்வுகூடத்தில் எது கண்டறியப்பட்டது, அதனால் எத்தனை பேர் பிழைத்தனர் என்பனவே அவர்தம் அக்கறைக்குரியன. அம்மருந்தை ஏற்ற உடலுக்கு என்ன நேர்ந்தது, அதனை ஏற்கச் செல்லுமுன் நோயாளர் தம்மை எவ்வாறு ஆயத்தஞ் செய்துகொண்டனர் என்னும் வினாக்கள் ஓரத்திலேயே நின்றுவிடுகின்றன. புற்றுநோய்க்கான இரசாயன சிகிச்சையால் முடி உதிரும் என்பது இன்று யாவரும் அறிந்தது. ஆயினும் அவ்விழப்பு மருத்துவரின் ஆய்வுக்குரிய பொருளாகக் கொள்ளப்படுவதற்கு ஏறக்குறைய நாற்பது ஆண்டுகள் சென்றன. இத்தாமதத்தின் காரணத்தை அச்சிகிச்சையின் பிறப்பிலேயே தேடுதல் வேண்டும்.

அது போர்க்களத்திற் பிறந்த சிகிச்சை. 1917 யூலை மாதத்தில், பெல்ஜியத்தின் ஈப்ர் நகருக்கு அண்மையில், ஜேர்மன் படையினர் கடுகு வாயுவை முதன்முதலாகப் பயன்படுத்தினர். தோலையும் கண்ணையும் சுவாசப் பையையும் எரித்த அந்நஞ்சு, அவற்றோடு அமையாது இரத்தத்தையும் தாக்கியது. அதற்கு ஆளானோரின் குருதியில் வெண்கலங்கள் அருகியிருந்ததையும் என்பு மச்சை வறண்டிருந்ததையும் க்ரம்பார் என்னும் அமெரிக்க மருத்துவத் தம்பதியர் 1919இற் பதிவு செய்தனர். அப்பதிவின் முழுப் பொருளும் வெளிப்பட இன்னொரு மகாயுத்தம் வேண்டியிருந்தது.

இரண்டாம் உலக மகாயுத்தத்தின்போது இந்நஞ்சுகளைப் பற்றி இரகசியமாக ஆராயும் பணி யேல் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த லூயிஸ் குட்மன், அல்பிரட் கில்மன் ஆகிய இருவரிடமும் ஒப்படைக்கப்பட்டது. வெண்கலங்களை அழிப்பது, வெண்கலங்கள் கட்டுக்கடங்காது பெருகும் நோயையும் அழிக்கலாமன்றோ என அவர்கள் எண்ணினர். சுண்டெலிகளிற் சோதித்த பின்னர், 1942 ஆகஸ்ட் மாதத்தில், கதிர்ச் சிகிச்சைக்கு மசியாத நிணநீர்ப் புற்றுநோய் கொண்ட ஒருவருக்கு நைதரசன் கடுகு எனப்படும் பொருள் நாளத்தின் வழியாக ஏற்றப்பட்டது. போர்க்கால இரகசியத்தின் பொருட்டு அவரது மருத்துவக் குறிப்பில் மருந்தின் பெயர்கூட எழுதப்படவில்லை. ‘எக்ஸ்’ என்னும் எழுத்தே இடப்பட்டது. கட்டிகள் வியக்கத்தக்க விரைவிற் கரைந்தன. பின்னர் மீண்டும் வளர்ந்தன. அவ்வாண்டு டிசம்பரில் அவர் இறந்தார். இம்முயற்சி 1946 வரை வெளியுலகம் அறியாததாயிற்று.

1943 டிசம்பர் 2ஆந் திகதி இத்தாலியின் பாரித் துறைமுகத்தில் ஜேர்மன் விமானங்கள் குண்டு வீசியபோது, அமெரிக்கக் கப்பலொன்றில் மறைத்துக் கொண்டுவரப்பட்ட கடுகு வாயுக் குண்டுகள் வெடித்தன. எண்பதுக்கு மேற்பட்ட படையினரும் கணக்கிற் சேராத நகர மக்களும் மாண்டனர். இவ்விபத்திலிருந்தே இரசாயன சிகிச்சை பிறந்ததெனப் பல நூல்கள் கூறும். யேலின் முதற் சோதனை அதற்கு ஓராண்டுக்கு மேல் முந்தியதாகலின் அக்கூற்று பொருந்தாது. விபத்தை விசாரித்த ஸ்டூவட் அலெக்சாண்டர் என்னும் இராணுவ மருத்துவரின் அறிக்கை, இவ்வாராய்ச்சிக்கு வலுவூட்டியது எனக் கொள்வதே தகும்.

போரின் பின்னர் பொஸ்டன் நகரில் சிட்னி பார்பர், வெண்குருதிப் புற்றுநோயுற்ற சிறார்க்கு அமினொப்டெரின் என்னும் மருந்தைக் கொடுத்தார். பதினாறு சிறார்களுள் பத்துப் பேரிடம் முன்னேற்றம் தென்பட்டதை 1948இல் அவர் வெளியிட்டார். ஆயின் அம்முன்னேற்றம் நிலைக்கவில்லை. அம்மருந்தை ஆக்கித்தந்தது எல்லாப்பிரகட சுப்பாராவ் தலைமையிலான ஆய்வுக் குழுவாகும். 1895இல் அன்றைய சென்னை மாகாணத்தின் பீமவரத்திற் பிறந்து, சென்னை மருத்துவக் கல்லூரியிற் பயின்று, 1923இல் அமெரிக்கா சென்ற அவர், அக்கட்டுரை வெளிவந்த அதே ஆண்டில் காலமானார். அவரது பெயரை நம்மவருள் மிகச் சிலரே அறிவர்.

நைதரசன் கடுகும் அமினொப்டெரினும் வேறுவேறு வழிகளிற் செயற்படினும், விரைவாகப் பிரியுங் கலங்களைத் தாக்குவதில் ஒன்றுபடுகின்றன. புற்றுக் கலம் எது, நற்கலம் எது என அவை பகுத்தறிவதில்லை. மயிர்க்காலின் அடியிலுள்ள கலங்கள் உடலில் மிக விரைவாகப் பிரிவனவற்றுட் சேர்ந்தவை. தலைமுடியில் ஏறத்தாழ பத்தில் ஒன்பது பங்கு எந்நேரமும் வளர்ச்சி நிலையிலேயே உள்ளது. எனவே மருந்து புற்றைத் தேடிச் செல்லும் வழியில் முடியின் வேரையும் வெட்டிச் செல்கிறது. எல்லா மருந்துகளும் ஒரே அளவிற் செய்வதில்லை. முடியிழப்பைப் பெருவழக்காக்கியவற்றுள் முதன்மையானது 1974இல் அமெரிக்காவில் அனுமதி பெற்ற டொக்சோரூபிசின் என்னும் செந்நிற மருந்தாகும். இத்தாலியின் காஸ்டெல் டெல் மொன்டே என்னும் பழங்கோட்டையருகே எடுத்த மண்ணில் வாழ்ந்த நுண்ணுயிரிலிருந்து அதன் மூலம் கிடைத்தது. அக்கோட்டை நிற்பதும் பாரியைத் தலைநகராகக் கொண்ட அப்பூலியா மாநிலத்திலேயே என்பது வரலாற்றின் விந்தைகளுள் ஒன்று.

தொடக்ககால மருத்துவர் எண்ணியவை வெண்கலங்களும் கட்டியின் அளவும் உயிர் நீடித்த நாட்களுமே. சாவோடு மல்லுக்கட்டியவர்க்கு, உயிருக்கு ஊறு செய்யாததும் பின்னர் மீளத் தளிர்ப்பதுமான முடி ஒரு பொருட்டாகத் தோன்றவில்லை. அவர்களைக் குறை கூறுவது எளிது, நீதியன்று. ஆயினும் நோயாளரின் கணக்கு வேறாயிருந்தது. 1983இல் சிட்னி நகர ஆய்வாளர்கள், பக்கவிளைவுகளை அட்டைகளில் எழுதி 99 நோயாளரிடம் கொடுத்து, தம்மை மிக வருத்துவனவற்றை வரிசைப்படுத்துமாறு கேட்டனர். வாந்தி முதலிடத்தையும் குமட்டல் இரண்டாமிடத்தையும் பெற்றன. முடியிழப்பு மூன்றாவதாக வந்தது. 1990களில் ஒன்டான்செட்ரொன் போன்ற மருந்துகளால் வாந்தி பெருமளவு அடக்கப்பட்ட பின்னரும், பிற்கால ஆய்வுகளில் முடியிழப்பு முன்வரிசையிலேயே நின்றது.

காரணம் ஊகிக்கத்தக்கதே. வாந்தியை வீட்டுக்குள் மறைக்கலாம். மொட்டைத் தலை தெருவில் நோயை அறிவித்துவிடும். மொட்டையென்றால் நேர்த்திக்கடனோ கைம்மையோ என நினைத்துப் பழகிய நமது சமூகத்தில் இவ்வறிவிப்பு மேலும் கனக்கும். முடி உடனே வீழ்வதுமில்லை. முதற் சிகிச்சையன்று முழு முடியோடு வீடு திரும்பும் பெண், இரண்டு மூன்று வாரங்களின் பின்னர் ஒரு காலையில் தலையணையிற் கற்றையாக அதனைக் காண்கிறாள். இவ்விடைவெளியைப் பயன்படுத்தும் முறைகளைத் தாதியரும் முன்னே அவ்வழி சென்ற நோயாளருமே பெரிதும் கைமாற்றித் தந்தனர்: முதற் சிகிச்சைக்கு முன்னரே கூந்தலைக் குட்டையாகக் கத்தரித்தல், சொந்த முடி இருக்கும்போதே அதன் நிறத்துக்கும் அமைப்புக்கும் ஏற்ற பொய்முடியைத் தெரிதல், உணர்ச்சி மிகுந்த தலைத்தோலுக்கு மெல்லிய பருத்தித் துணியைச் சேகரித்தல் ஆகியன. சிலர் உதிரும்வரை காத்திராது தாமே மழித்துக்கொள்வர். இழப்பது வேறு, களைவது வேறு என்பது அவர்தம் நிலைப்பாடு. மறைத்தலையே ஐயுற்றோரும் உளர். கறுப்பினக் கவிஞரான ஓட்ரி லோர்ட், 1980இல் வெளிவந்த தமது நூலில், அறுவைக்குப் பின் செயற்கை மார்பகம் அணிய மறுத்ததை விளக்கினார். அவர் முடியைப் பற்றிப் பேசவில்லை. எனினும் மறைப்பது யாருடைய நிம்மதிக்காக என்னும் அவரது வினா பொய்முடிக்கும் பொருந்தும்.

முடியைக் காக்கும் முயற்சி பனிக்கட்டியோடு தொடங்கியது. தலைத்தோலைக் குளிர்வித்தால் குருதிக் குழாய்கள் சுருங்கி, மயிர்க்காலைச் சென்றடையும் மருந்து குறையும் என்பதே அதன் அடிப்படை. டொக்சோரூபிசின் பெற்றோரிடம் இது பயன்படுவதை 1979இல் அமெரிக்க ஆய்வொன்று காட்டியது. ஆயின் குளிர்ந்த தோலிற் புற்றுக் கலங்கள் மருந்துக்குத் தப்பி ஒளியக்கூடும் என்னும் அச்சம் எழுந்தது. 1990இல் அந்நாட்டின் உணவு மருந்து நிர்வாகம் இக்குளிர்க் குல்லாய்களின் விற்பனையை நிறுத்தியது. ஐரோப்பாவில் அவை தொடர்ந்தும் வழங்கின. இருபத்தைந்து ஆண்டுகள் கழிந்து, 2015 டிசம்பரிலேயே, குளிர்ந்த திரவம் சுற்றியோடும் குல்லாயொன்றுக்கு அந்நிர்வாகம் அனுமதியளித்தது. இரத்தப் புற்றுநோயாளருக்கு இன்றும் இது தரப்படுவதில்லை. அவர்களிடம் பழைய அச்சத்துக்கு இடமுண்டு.

2017இல் வெளிவந்த அமெரிக்க ஆய்வொன்றில், குல்லாய் அணிந்த மார்புப் புற்றுநோயாளர் 95 பேருள் 48 பேர் தம் முடியில் அரைப்பங்குக்கு மேல் காத்துக்கொண்டனர். அணியாத 47 பேருள் ஒருவர்கூட அவ்வாறு காக்கவில்லை. மருந்து ஏறுவதற்கு அரைமணி நேரம் முன்னரே அதனை அணிந்து, ஏறி முடிந்த பின்னரும் ஒரு மணிக்கு மேல் குளிரையும் தலைவலியையும் பொறுத்திருத்தல் வேண்டும். பொறுத்தவர்களுள்ளும் ஏறத்தாழப் பாதிப்பேரின் முடி உதிர்ந்தது. சிகிச்சை முடிந்து சில மாதங்களில் முடி மீண்டும் முளைக்கும். முன்னர் நேராயிருந்தது சுருண்டும், கருமையாயிருந்தது நரைத்தும் வருவதுண்டு.