கடற்பசுவின் மேய்ச்சல்

திருவள்ளூர் மாவட்டத்தின் கீழ்த்திசையில், எண்ணூர் முதல் பழவேற்காடு வரை நீண்டு கிடக்கும் கரையிலிருந்து தொழிலுக்குப் போகும் மீனவர், நீரைப் பிளந்தெழுந்து வளைந்து மறையும் ஓங்கில்களைக் கண்டு பழகியவர். ஆனால் அப்பிராணிகளைப் பற்றிப் புத்தகம் எழுதிய பண்டிதர்களுக்கோ, கரையில் ஒதுங்கி நாற்றமெடுக்கத் தொடங்கிய சடலமன்றி வேறொரு தரிசனம் நெடுங்காலம் கிட்டியதில்லை. கடலில் வாழ்ந்தும் காற்றைச் சுவாசித்து, குட்டி ஈன்று பாலூட்டும் இந்த ஜீவன்கள் எதைத் தின்கின்றன, எவ்விதம் தின்கின்றன என்னும் எளிய கேள்விக்கு விடை தேடி நம் நாட்டு விஞ்ஞானம் நடந்த பாதை, செத்த உடலில் தொடங்கி, உயிருள்ள பிராணியின் வாயருகே சில காலம் நின்று, பிறகு அது மேய்ந்துவிட்டுப் போன தரைக்குச் சென்று சேர்ந்த பாதையாகும்.

அமராவதிச் சிற்பங்களைச் சென்னைக்குக் கொணர்ந்தவர் என்று சரித்திர மாணவர் அறிந்த வால்டர் எலியட், சென்னை ராஜதானியின் உத்தியோகஸ்தராக விசாகப்பட்டினப் பகுதியில் இருந்த காலத்தில், அங்கே அகப்பட்ட கடற்பாலூட்டிகளின் மண்டையோடுகளையும் அவற்றைப் பார்த்து வரைவித்த படங்களையும் சேகரித்து லண்டனுக்கு அனுப்பினார். அவற்றை ஆதாரமாகக் கொண்டு ரிச்சர்டு ஓவன் எழுதி 1866-இல் வெளிவந்த கட்டுரையில்தான், இன்று ஐராவதி ஓங்கில் எனப்படும் இனமும், எண்ணெய்த் திமிங்கிலத்தின் குறுவகை ஒன்றும் முதன்முதலாக விஞ்ஞானப் பெயர் பெற்றன. ஓவனோ இந்தியாவில் காலடி வைத்தவரல்லர். எலும்பை அளந்து இனத்தை நிர்ணயிக்கும் வித்தையில் அவருக்கு நிகரானவர் அந்நாளில் அரியர் என்பதை ஒப்புக்கொண்டாலும், அந்த ஓங்கில் எந்த நேரத்தில், எவ்வாறு இரை தேடிற்று என்பதை அவர் மேஜைமேல் இருந்த மண்டையோடு சொல்லியிருக்க முடியாதல்லவா?

இந்த வகையில் கடற்பசு தனித்து நிற்கிறது. பாக் நீரிணையிலும் மன்னார் வளைகுடாவிலும் ஆவுளியா என்று வழங்கப்படும் இப்பிராணி மீனைத் துரத்துவதில்லை; ஆழமற்ற நீரில் வளரும் கடற்புல்லை, அவ்வூர் மக்கள் தாழை என்று சொல்வதை, மேய்ந்து பிழைப்பது. எனவே அது எங்கே இருக்கும், எதைத் தின்னும் என்பதெல்லாம் கரையோரத்தார்க்குப் பிரத்தியட்சம். திருக்கைக்கு விரித்த வலையில் அகப்பட்டதன் மாமிசம் விலைபோயிற்று, கொழுப்பு எண்ணெயாயிற்று, அறுப்பவன் கண்ட குடல் நிறையப் புல்லே இருந்தது. கல்கத்தா மியூசியத்தைச் சேர்ந்த நெல்சன் அன்னண்டேல் 1905-இல் வங்காள ஆசியச் சங்கத்தின் இதழில் இதன் உருவத்தையும் பழக்கவழக்கங்களையும் பற்றி எழுதினார்.

உயிருள்ள கடற்பசுவை நாள்தோறும் அருகிருந்து பார்க்கும் பாக்கியம் மண்டபத்தில் வாய்த்தது. 1947 பிப்ரவரி 3-இல் தோன்றிய மத்தியக் கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையம், இரண்டாண்டுக்குள் மண்டபம் முகாமுக்குக் குடிபெயர்ந்தது. இலங்கைத் தோட்டங்களுக்குக் கப்பலேறிய ஏழைகளை நோய்க்காப்புக்காக நிறுத்திவைத்த அதே முகாம்தான். ஒரு பக்கம் பாக் நீரிணை, மறுபக்கம் மன்னார் வளைகுடா என்று இருகடலும் கைக்கெட்டும் அந்த ஸ்தலத்தில், நிலையத்தின் இயக்குநராக இருந்த எஸ். ஜோன்ஸ், 1959-இல் ஆணும் பெண்ணுமாக ஒரு ஜோடிக் கடற்பசுக்களை வளர்க்கத் தொடங்கி, அவ்வாண்டே அவற்றைப் பற்றி, மண்டபத்தில் அப்போதுதான் பிறந்திருந்த இந்தியக் கடல் உயிரியல் சங்கத்தின் முதல் சஞ்சிகைத் தொகுதியில் எழுதினார். கடலிலிருந்து பிரிக்கப்பட்ட கடற்பசு நீண்ட நாள் பிழைப்பது அருமை; இவையோ பல்லாண்டுகள் உயிரோடிருந்தன. வளர்ந்த கடற்பசு ஒன்று நாளொன்றுக்குச் சுமார் 30 முதல் 40 கிலோ வரை பச்சைப் புல் தின்னக்கூடியது என்பதை நினைத்தால், இரண்டு வயிறுகளுக்குப் புல் தேடிக் கடலில் இறங்கிச் சுமந்து வந்த கூலியாட்களின் உழைப்பும் அந்த ஆராய்ச்சியின் ஓர் அங்கம் என்றே கொள்ள வேண்டும். கட்டுரைத் தலைப்பில் அத்தகையோர் பெயர் ஏறும் வழக்கம் நம்மிடம் இல்லை.

கீழ்நோக்கி மடங்கிய அகன்ற முகமும், அதில் அடர்ந்த முரட்டு ரோமங்களும், தரையோடு முகத்தைப் பதித்துப் புல்லைத் திரட்டி வாய்க்குள் தள்ளும் சாமர்த்தியமும், சில நிமிஷங்களுக்கு ஒருமுறை நாசியை மட்டும் வெளியே நீட்டி மூச்செடுக்கும் நிதானமும் கண்ணாரக் காணத்தக்கவை. 1741-இல் பேரிங் தீவில் ஒதுங்கிய ஸ்டெல்லர், இதன் வடபசிபிக் உறவினமாகிய பெருங்கடற்பசு பாசி மேய்வதைக் கரையிலிருந்தே பார்த்து எழுதினார். அவ்வினம் 27 ஆண்டுகளில் வேட்டையால் பூண்டற்றுப் போயிற்று. 1975-இல் ஆர். வி. நாயர், லால் மோகன், சத்தியநாராயண ராவ் ஆகியோர் நிலையத்தின் வெளியீடாகக் கடற்பசுவைப் பற்றித் தனி நூலே இயற்றியபோது, நம் கரையிலும் அந்த விதி நேருமோ என்ற அச்சத்துக்கு இடம் இருந்தது.

ஆயினும் தொட்டி ஒரு கேள்விக்கு விடை சொல்லாது. போட்டதைத் தின்னும் பிராணியைப் பார்த்து, அதற்கு எது பிரியம் என்று நிச்சயிப்பது, விருந்தாளியின் ருசியை இலையில் பரிமாறியதைக் கொண்டு ஊகிப்பதை ஒக்கும். தெரிவு என்பது சுதந்திரமாக மேய்கிற இடத்தில்தான் வெளிப்படும். கடற்பசு தழையை மட்டும் கொய்யாமல் வேர்க்கிழங்கோடு பிடுங்கித் தின்பதால், அது சென்ற வழி புல்வெளியில் வெறும் மணல் தடமாக நீளும். அத்தடத்தைப் படிக்கும் வித்தை, எழுபதுகளிலிருந்து ஆஸ்திரேலியாவில் நன்கு வளர்ந்தது. பிரிஸ்பேனை அடுத்த மோர்ட்டன் விரிகுடாவில் அந்தோனி பிரீன் 1995-இல் காட்டிய உண்மை வியப்பானது: பெரும் மந்தைகள் ஒரே இடத்தை மீண்டும் மீண்டும் மேய்வதால், நார்மிகுந்து மெல்ல வளரும் புல் பின்வாங்க, விரைந்து தளிர்க்கும் சத்துள்ள சிறுபுல் அங்கே நிலைபெறுகிறது, அதாவது, மேய்கிற பிராணியே தன் மேய்ச்சல் நிலத்தைப் பண்படுத்துகிறது. பாக் நீரிணையிலோ இன்று தனியாகவும் தாயும் கன்றுமாகவும் காணப்படுபவையே பெரும்பாலும். இந்தியக் கடல்கள் அனைத்திலும் எஞ்சியவை சில நூறே என்பது மதிப்பீடு. நமக்குக் கற்றுத்தர வேண்டிய மந்தையை நாமே கரைத்துவிட்ட பிறகு, அதன் வேளாண்மையை எங்கே போய்ப் பார்ப்பது!

13 மாதத்துக்கு மேல் சுமந்து ஒரே கன்றை ஈன்று, அடுத்த ஈற்றுக்கு ஆண்டுகள் பல காத்திருக்கும் ஜாதி இழந்ததை விரைவில் ஈடுசெய்யாது. 1972-ஆம் ஆண்டு வனவிலங்குச் சட்டம் வேட்டையைத் தடுத்தது. தற்செயலாய்ச் சிக்கும் வலையையும் புல்லை வாரிச் செல்லும் இழுவை மடியையும் தடுக்கச் சட்டம் மட்டும் போதவில்லை. 2022 செப்டம்பரில் தஞ்சை, புதுக்கோட்டை மாவட்டக் கரையோரம் 448 சதுர கிலோமீட்டர் பரப்பைத் தமிழக அரசு கடற்பசுப் பாதுகாப்பகமாக அறிவித்தது. சிக்கிய ஆவுளியாவை வலையை அறுத்து விடுவிக்கும் மீனவருக்கு இப்போது வெகுமதி உண்டு. கடற்பசுவைக் கண்ட இடத்தையும் நாளையும் இந்திய வனவிலங்கு நிறுவனத்துக்குத் தெரிவிக்கும் தொண்டர்களாகச் சேர்ந்த மீனவர் வீட்டுப் பிள்ளைகளுக்குப் பள்ளி உதவித்தொகையும் அந்நிறுவனத்தின் ஏற்பாட்டில் வழங்கப்பட்டிருக்கிறது.