இந்தியப் பெண்கள் 17 அகவைக்குட்பட்டோர் தேசியக் கால்பந்து அணி

இந்தியப் பெண்கள் 17 அகவைக்குட்பட்டோர் தேசியக் கால்பந்து அணி என்பது பன்னாட்டுக் கால்பந்துப் போட்டிகளில் இந்தியாவின் சார்பாக விளையாடும் பதின்ம வயதுப் பெண்களின் அணியாகும். இவ்வணி அகில இந்தியக் கால்பந்துக் கூட்டமைப்பினால் நிருவகிக்கப்படுகிறது. போட்டியை நடத்தும் அமைப்பு வகுக்கும் வயது வரம்புக்கேற்ப 15 அல்லது 16 அகவைக்குட்பட்டோர் அணியாகவும் இதே அணி களமிறங்குவது உண்டு. 2022 ஆம் ஆண்டு பிஃபா 17 அகவைக்குட்பட்ட பெண்கள் உலகக்கோப்பையில் போட்டியை நடத்தும் நாடு என்ற முறையில் பங்கேற்றதன் மூலம், பெண்கள் கால்பந்து உலகக்கோப்பை ஒன்றில் விளையாடிய முதல் இந்திய அணி என்ற இடத்தை இது பெற்றது. 2025 ஆம் ஆண்டு அக்டோபரில், தகுதிச் சுற்றில் வென்று 2026 ஆசியக்கோப்பைக்குத் தகுதி பெற்றது.

வயது வரம்பும் அணி அமைப்பும்

இளையோர் அணி மூத்தோர் அணியைப் போல் நிலையான வீராங்கனைகளைக் கொண்டதன்று. ஒவ்வொரு போட்டிக்கும் குறிப்பிட்ட சில ஆண்டுகளில் பிறந்தோரே விளையாட இயலும். 2020 ஆம் ஆண்டுக்கெனத் திட்டமிடப்பட்ட உலகக்கோப்பையில் 2003 சனவரி 1 ஆம் நாளும் அதற்குப் பின்னரும் பிறந்தோர் விளையாட இருந்தனர். 2022 உலகக்கோப்பையில் இவ்வரம்பு 2005 சனவரி 1 என மாறியது. இதனால் ஒரு போட்டி தள்ளிப்போனாலோ கைவிடப்பட்டாலோ அதற்கெனப் பயிற்சி பெற்ற வீராங்கனைகளுள் பெரும்பாலோர் அந்த வாய்ப்பை நிலையாக இழந்துவிடுவர். இவ்வணியின் வரலாற்றில் இது நடந்துள்ளது.

தொடக்க காலம்

ஆசியக் கால்பந்துக் கூட்டமைப்பு இவ்வயதுப் பிரிவினருக்கான பெண்கள் போட்டியை முதன்முதலில் 2005 ஆம் ஆண்டு தென் கொரியாவில் நடத்தியது. அதில் இந்தியாவும் பங்கேற்றது. அப்போது தகுதிச் சுற்று நடத்தப்படவில்லை. பின்னர் தகுதிச் சுற்று முறை நடைமுறைக்கு வந்தபின் ஏறத்தாழ இருபது ஆண்டுகள் இந்தியா இறுதிச் சுற்றை எட்டவில்லை.

உலக அளவிலான போட்டி 2008 ஆம் ஆண்டு நியூசிலாந்தில் தொடங்கியது. அதைத் தொடர்ந்து டிரினிடாட் டொபாகோ (2010), அசர்பைஜான் (2012), கோஸ்ட்டா ரிக்கா (2014), யோர்தான் (2016), உருகுவை (2018) ஆகிய நாடுகளில் நடைபெற்றது. இந்த ஆறு போட்டிகளிலும் ஆசியாவின் சார்பில் வட கொரியா, சப்பான் போன்ற அணிகள் வெற்றி முத்திரை பதித்தன. இந்தியா எதிலும் இடம்பெறவில்லை.

உலகக்கோப்பையை நடத்தும் வாய்ப்பு

2019 மார்ச் 15 அன்று பிஃபா, 2020 ஆம் ஆண்டுக்கான போட்டியை இந்தியா நடத்தும் என அறிவித்தது. 2017 ஆம் ஆண்டு ஆண்கள் 17 அகவைக்குட்பட்டோர் உலகக்கோப்பையை இந்தியா நடத்தியிருந்தது. போட்டியை நடத்தும் நாட்டின் அணி தகுதிச் சுற்று இன்றி நேரடியாக விளையாடும் என்பதால் பெண்கள் அணிக்கும் உலகக்கோப்பை வாயில் திறந்தது. 2019 இறுதியில் சுவீடனைச் சேர்ந்த தாமசு டென்னர்பி பயிற்றுநராக அமர்த்தப்பட்டார். இவர் 2011 பெண்கள் உலகக்கோப்பையில் சுவீடன் மூத்தோர் அணியை மூன்றாம் இடத்திற்கு வழிநடத்தியவர். நைசீரியப் பெண்கள் அணியின் பயிற்றுநராகவும் பணியாற்றியவர்.

2020 நவம்பரில் தொடங்கவிருந்த போட்டி கோவிட்-19 பெருந்தொற்றின் காரணமாக 2021 பிப்ரவரிக்கு ஒத்திவைக்கப்பட்டது. பின்னர் 2020 நவம்பர் 17 அன்று அது முற்றிலும் கைவிடப்பட்டு, 2022 ஆம் ஆண்டுப் போட்டியை நடத்தும் உரிமை இந்தியாவிற்கு அளிக்கப்பட்டது. நாட்டிற்கு வாய்ப்பு மீண்டும் கிடைத்தபோதிலும் 2003, 2004 ஆகிய ஆண்டுகளில் பிறந்த வீராங்கனைகளுக்கு அது கிடைக்கவில்லை. முதல் முகாமில் பயிற்சி பெற்றோருள் 2005 இல் பிறந்தோர் மட்டுமே இரண்டாம் முறையும் தகுதியுடையோராய் இருந்தனர். எனவே அணியைப் பெரும்பாலும் புதிதாகவே அமைக்க வேண்டியிருந்தது.

2022: போட்டிக்கு முந்தைய மாதங்கள்

புதிய அணியின் பயிற்சி முகாம் சார்க்கண்டு மாநிலம் சம்செட்பூரில் நடைபெற்றது. 2022 சூன் மாதம் ஐரோப்பியப் பயணம் மேற்கொண்ட அணி, இத்தாலியில் அந்நாட்டு அணியிடம் 0–7 என்ற கோல் கணக்கில் தோற்றது. இப்பயணத்தின்போது அணியின் துணைப் பயிற்றுநர் ஒருவர் பாலியல் முறைகேட்டுக் குற்றச்சாட்டின் பேரில் திருப்பி அழைக்கப்பட்டு, சூலை மாதத்தில் பணிநீக்கம் செய்யப்பட்டார்.

2022 ஆகத்து 15 அன்று, வெளியார் தலையீட்டைக் காரணம் காட்டி, பிஃபா அகில இந்தியக் கால்பந்துக் கூட்டமைப்பை இடைநீக்கம் செய்தது. கூட்டமைப்பின் நிருவாகம் உச்ச நீதிமன்றம் அமர்த்திய நிருவாகக் குழுவின் கையில் அப்போது இருந்தது. இடைநீக்கம் நீடித்தால் உலகக்கோப்பையைத் திட்டமிட்டபடி இந்தியாவில் நடத்த இயலாது என்றும் பிஃபா அறிவித்தது. அவ்வாறு நேர்ந்தால் அணி தன் ஒரே நுழைவு வழியை இழந்திருக்கும். நிருவாகக் குழு கலைக்கப்பட்டதைத் தொடர்ந்து ஆகத்து 26 அன்று இடைநீக்கம் விலக்கிக்கொள்ளப்பட்டது. அப்போது முதல் ஆட்டத்திற்கு ஏழு வாரங்களுக்கும் குறைவான காலமே எஞ்சியிருந்தது.

2022 உலகக்கோப்பை

போட்டி 2022 அக்டோபர் 11 முதல் 30 வரை புவனேசுவரம், கோவாவின் மட்காவ், நவி மும்பை ஆகிய இடங்களில் நடைபெற்றது. பதினாறு அணிகள் பங்கேற்றன. இந்தியா பிரிவு "அ"வில் ஐக்கிய அமெரிக்கா, மொரோக்கோ, பிரேசில் ஆகிய அணிகளுடன் இடம்பெற்றது. இந்தியாவின் மூன்று ஆட்டங்களும் புவனேசுவரம் கலிங்கா விளையாட்டரங்கில் நடைபெற்றன.

21 பேர் கொண்ட அணியில் சார்க்கண்டு மாநிலத்தைச் சேர்ந்தோர் மட்டும் அறுவர். மணிப்பூர், அரியானா ஆகிய மாநிலங்களிலிருந்தும் பலர் தேர்வு பெற்றனர். தடுப்பாட்டக்காரரான அசுதம் ஓராவோன் அணித்தலைவராக இருந்தார். இவர் சார்க்கண்டின் கும்லா மாவட்டத்தைச் சேர்ந்தவர். இவர் அணித்தலைவரானதைத் தொடர்ந்து இவரது ஊருக்குச் சாலை அமைக்கும் பணி தொடங்கியதும், அப்பணியில் இவரது பெற்றோரே கூலி வேலை செய்ததும் அப்போது செய்தியாயின.

ஆட்ட முடிவுகள்:

அக்டோபர் 11: இந்தியா 0 – ஐக்கிய அமெரிக்கா 8
அக்டோபர் 14: இந்தியா 0 – மொரோக்கோ 3
அக்டோபர் 17: இந்தியா 0 – பிரேசில் 5

முதல் ஆட்டத்தில் இடைவேளைக்கு முன்பே அமெரிக்கா ஐந்து கோல்களை அடித்தது. மெலினா ரெபிம்பாசு இரண்டு கோல்கள் அடித்தார். இந்திய வம்சாவளியினரான அமெரிக்க வீராங்கனை மியா பூட்டாவும் ஒரு கோல் அடித்தார். மொரோக்கோவிற்கு எதிரான ஆட்டத்தில் முதற் பாதி முழுவதும் இந்தியா கோல் விடாமல் தடுத்தது. இரண்டாம் பாதியின் தொடக்கத்தில் தண்ட உதை மூலம் மொரோக்கோ முன்னிலை பெற்றது. பின்னர் மேலும் இரு கோல்கள் விழுந்தன. இத்தோல்வியுடன் காலிறுதி வாய்ப்பு முடிவுக்கு வந்தது. அமெரிக்காவும் பிரேசிலும் காலிறுதிக்குச் சென்றன. நவி மும்பையில் நடந்த இறுதி ஆட்டத்தில் எசுப்பானியா கொலம்பியாவை 1–0 என வென்று கோப்பையைத் தக்கவைத்துக்கொண்டது.

மூன்று ஆட்டங்களில் இந்தியா 16 கோல்களை வாங்கியது, ஒன்றும் அடிக்கவில்லை. 2017 இல் ஆண்கள் அணியும் தன் மூன்று ஆட்டங்களிலும் தோற்றதாயினும், கொலம்பியாவிற்கு எதிராக ஒரு கோல் அடித்திருந்தது. எதிரணிகள் கண்ட அளவிலான போட்டிகளில் விளையாடிப் பழகியவை. இந்திய அணிக்கோ உலகக்கோப்பைக்கு முன் தகுதிச் சுற்று ஆட்டங்கள் இல்லை. 2022 ஆம் ஆண்டுக்கென ஆசியத் தகுதிச் சுற்றும் நடைபெறவில்லை. எனவே அவ்வணியின் பயிற்சி முகாம்களையும் சில வெளிநாட்டுப் பயணங்களையும் மட்டுமே சார்ந்திருந்தது.

தெற்காசியப் போட்டிகள்

சாஃப் எனச் சுருக்கமாக வழங்கப்படும் தெற்காசியக் கால்பந்துக் கூட்டமைப்பின் இளையோர் போட்டிகளில் இந்தியா தொடர்ந்து முன்னணியில் இருந்து வந்துள்ளது. வங்காளதேசமே இதன் முதன்மைப் போட்டியாளர்.

2017, டாக்கா (15 அகவைக்குட்பட்டோர்): இரண்டாம் இடம். இறுதி ஆட்டத்தில் வங்காளதேசத்திடம் 0–1 எனத் தோல்வி.
2018, திம்பு (15 அகவைக்குட்பட்டோர்): வாகையாளர். இறுதி ஆட்டத்தில் வங்காளதேசத்தை 1–0 என வெற்றி.
2019, திம்பு (15 அகவைக்குட்பட்டோர்): வாகையாளர். கோலின்றிச் சமநிலையில் முடிந்த இறுதி ஆட்டத்தில், சமன்நீக்கி உதைகளில் வங்காளதேசத்தை 5–3 என வெற்றி.
2023, டாக்கா (17 அகவைக்குட்பட்டோர்): மூன்றாம் இடம். விருந்தினராகப் பங்கேற்ற உருசியா வாகை சூடியது.
2024, லலித்பூர், நேபாளம் (16 அகவைக்குட்பட்டோர்): இரண்டாம் இடம். 1–1 என முடிந்த இறுதி ஆட்டத்தில், சமன்நீக்கி உதைகளில் வங்காளதேசத்திடம் 2–3 எனத் தோல்வி.
2025, திம்பு (17 அகவைக்குட்பட்டோர்): வாகையாளர்.

2025 ஆகத்தில் நடந்த போட்டியில் இறுதி ஆட்டம் இல்லை. பங்கேற்ற நான்கு அணிகளும் ஒன்றோடொன்று இருமுறை மோதின. முதல் ஐந்து ஆட்டங்களிலும் வென்று இந்தியா கோப்பையை உறுதி செய்துகொண்டது. கடைசி ஆட்டத்தில் வங்காளதேசத்திடம் 3–4 எனத் தோற்றது. முன்கள வீராங்கனை அனுசுகா குமாரி இப்போட்டியில் மிகுதியான கோல்களை அடித்தவராக விளங்கினார்.

ஆசியக்கோப்பைத் தகுதிச் சுற்று

2024 ஆசியக்கோப்பைக்கான முதற் சுற்று 2023 ஏப்ரலில் கிர்கிசுத்தானில் நடைபெற்றது. பிரியா பயிற்றுநராக இருந்த இந்திய அணி கிர்கிசுத்தான், மியான்மர் ஆகிய இரு அணிகளையும் வென்று இரண்டாம் சுற்றுக்கு முன்னேறியது. அதே ஆண்டு செப்டம்பரில் தாய்லாந்தில் நடந்த இரண்டாம் சுற்றில் தென் கொரியாவும் தாய்லாந்தும் தகுதி பெற, இந்தியா வெளியேறியது.

2026 ஆசியக்கோப்பைக்கு இறுதிச் சுற்று அணிகளின் எண்ணிக்கை எட்டிலிருந்து பன்னிரண்டாக உயர்த்தப்பட்டது. ஆயினும் தகுதிச் சுற்றின் ஒவ்வொரு பிரிவிலும் முதலிடம் பெறும் அணிக்கு மட்டுமே இடம் என்பதால் ஒரு தோல்வியும் வாய்ப்பைப் பறிக்கக்கூடியதாக இருந்தது. சுவீடனைச் சேர்ந்த யோவாக்கிம் அலெக்சாண்டர்சன் பயிற்றுநராக இருந்தார். கிர்கிசுத்தானின் பிசுக்கெக் நகரில் இந்தியாவின் ஆட்டங்கள் நடைபெற்றன.

2025 அக்டோபர் 13: இந்தியா 2 – கிர்கிசுத்தான் 1
2025 அக்டோபர் 17: இந்தியா 2 – உசுபெக்கிசுத்தான் 1

இரண்டாம் ஆட்டத்தின் 38 ஆம் நிமிடத்தில் உசுபெக்கிசுத்தான் முதல் கோலை அடித்தது. அடுத்த சில நிமிடங்களில் பயிற்றுநர் தண்டாமோனி பாசுக்கேயை மாற்று வீராங்கனையாகக் களமிறக்கினார். அவர் 55 ஆம் நிமிடத்தில் கோல் அடித்துச் சமன் செய்தார். 66 ஆம் நிமிடத்தில் அனுசுகா குமாரி வெற்றிக் கோலை அடித்தார். 2005 க்குப் பின் இந்தியா இப்போட்டியின் இறுதிச் சுற்றுக்குச் செல்வது இதுவே முதன்முறையாகும். தகுதிச் சுற்றில் விளையாடி அவ்விடத்தைப் பெற்றதும் இதுவே முதன்முறை.

உலகக்கோப்பை 2025 முதல் ஆண்டுதோறும் 24 அணிகளுடன் நடத்தப்படுகிறது. 2025 முதல் 2029 வரையிலான ஐந்து போட்டிகளும் மொரோக்கோவிற்கு வழங்கப்பட்டுள்ளன. எனவே இக்காலத்தில் இந்தியா உலகக்கோப்பையில் மீண்டும் விளையாடுவதற்கு ஆசியப் போட்டிகளின் வழியே தகுதி பெறுவதொன்றே வழியாகும்.

உலகக்கோப்பைச் சாதனைச் சுருக்கம்

2008 – 2018: பங்கேற்கவில்லை
2020: போட்டி கைவிடப்பட்டது (நடத்தும் நாடாகத் தேர்வு பெற்றிருந்தது)
2022: பிரிவு நிலை, ஆட்டம் 3, வெற்றி 0, சமநிலை 0, தோல்வி 3, அடித்த கோல் 0, வாங்கிய கோல் 16
2024, 2025: தகுதி பெறவில்லை

இவற்றையும் பார்க்கவும்

இந்தியப் பெண்கள் தேசியக் கால்பந்து அணி
பிஃபா 17 அகவைக்குட்பட்ட பெண்கள் உலகக்கோப்பை
அகில இந்தியக் கால்பந்துக் கூட்டமைப்பு