சந்திரபாபு, ஜே. பி.
(1927–1974) நடிகர், பாடகர். தூத்துக்குடியில் பிறந்தவர். இயற்பெயர் ஜோசப் பனிமயதாஸ் சந்திரபாபு ரொட்ரிகஸ். நடுப்பெயர் அவ்வூர்ப் பனிமய மாதாவின் பெயரால் அமைந்தது. விடுதலைப் போராட்டத்தில் ஈடுபட்டு 'சுதந்திர வீரன்' இதழ் நடத்திய தந்தையை ஆங்கில அரசு நாடுகடத்த, குடும்பம் கொழும்பில் குடியேறியது. அங்கே படித்தார். 1943இல் சென்னைக்கு வந்தவருக்கு முதல் படம் 'தன அமராவதி' (1947).

வாய்ப்பில்லாத விரக்தியில் 1952இல் ஜெமினி ஸ்டூடியோவில் உயிரை விடத் துணிந்து, காப்பாற்றப்பட்டார். அவ்வாண்டே ஜெமினியின் 'மூன்று பிள்ளைகள்' படத்தில் நடித்தார். நெஞ்சுக்குரலிலிருந்து சட்டென உச்சக்குரலுக்குத் தாவும் 'யோடலிங்' முறையைத் தமிழ்ப் பாட்டில் இயல்பாகக் குழைத்தது அவருடைய தனிச்சாதனை. 'சபாஷ் மீனா'வில் (1958) இரட்டை வேடம். ரிக்‌ஷாக்காரராக அவர் பேசிய சென்னைத் தமிழுக்கு இன்றும் ஈடில்லை.