போர்ச்சுகல் கால்பந்து: மூன்று வீட்டுச் சாவி

போர்ச்சுகலில் ஆண்களுக்கான தேசிய லீக் 1934-35 பருவத்தில் எட்டு அணிகளைக் கொண்டு பரிசோதனையாகத் தொடங்கியது. அன்று முதல் 2024-25 வரை அதில் முதலிடம் பெற்ற அணிகள் ஐந்தே ஐந்து. பென்ஃபிகா, போர்ட்டோ, ஸ்போர்ட்டிங் ஆகிய மூன்றும் தமக்குள் மாற்றிக்கொண்டவை போக, வெளியாருக்கு வாய்த்தவை இரண்டு பருவங்கள்தாம்: 1945-46இல் லிஸ்பனின் பெலெனென்சஸ், 2000-01இல் போர்ட்டோ நகரின் போவாவிஸ்டா. சாவி என்ற சொல்லைத் தமிழுக்குத் தந்தவர்கள் போர்ச்சுகீசியர்; தம் கால்பந்தின் சாவியை மட்டும் மூன்று வீட்டாரிடமே கொடுத்துவிட்டார்கள்.

லீக்குக்கு முன் நிலைமை இப்படி இருக்கவில்லை. 1922 முதல் 1938 வரை, தோற்றவர் வெளியேறும் முறையில் ஒரு தேசியப் போட்டி நடந்தது. 1924இல் தெற்குக் கடலோர மீன்பிடி ஊரான ஒல்யாவின் அணி, இறுதி ஆட்டத்தில் போர்ட்டோவை வென்றது. 1926இல் மதெய்ரா தீவின் மாரிட்டிமோ வென்றது. ஒரு மதிய நேரத்து வீரம் போதுமானதாக இருந்த காலம் அது. லீக் என்பதோ மாதக்கணக்கில் மூச்சுப் பிடித்து ஓடுவது. அதற்குப் பணமும் ஆள்பலமும் வேண்டும். ஆப்பிரிக்கக் காலனிகள் அந்த ஆள்பலத்தைக் கொடுத்தன. அங்கோலாவில் பிறந்த பெய்ரோத்தேயு ஸ்போர்ட்டிங்குக்கும், மொசாம்பிக்கிலிருந்து 1960இன் இறுதியில் வந்திறங்கிய யூசேபியோ பென்ஃபிகாவுக்கும் வாய்த்தார்கள். பெலெனென்சஸும் மொசாம்பிக்கின் மத்தத்தேவுவை 1951இல் அழைத்துவந்தது. ஆயினும் 1955இன் கடைசி ஆட்டத்தில், முடியச் சில நிமிடங்களே இருந்தபோது ஸ்போர்ட்டிங் அடித்த கோல் பெலெனென்சஸின் வெற்றியைப் பறித்தது. புள்ளிகள் சமமாயின, பட்டம் பென்ஃபிகாவுக்குப் போயிற்று. போர்ச்சுகல் கால்பந்தில் இதைவிடக் கசப்பான ஒரு மாலையை நான் அறியேன்.

பெண்களின் தேசியப் போட்டி 1985-86இல்தான் பிறந்தது. பெண்கள் தேசிய அணி 1981இல் பிரான்சுடன் கோலின்றி முதல் ஆட்டத்தை ஆடி, 1983க்குப் பின் பத்தாண்டுகள் கலைக்கப்பட்டுக் கிடந்தது. நாட்டுக்காக ஆட வழியில்லாத அந்த ஆண்டுகளில் ஆட்டத்தை உயிரோடு வைத்திருந்தவை கிளப்புகளே. பட்டியலில் மூன்று வீட்டார் பெயரைத் தேடிப் பயனில்லை. போவாவிஸ்டா 11 முறை வென்றது. சின்ட்ராவைச் சேர்ந்த 'டிசம்பர் ஒன்று' என்னும் சிறிய கிளப், 2001-02 முதல் 2011-12 வரை தொடர்ந்து 11 முறையும், முன்னர் ஒரு முறையும் வென்றது. 1640இல் ஸ்பெயினின் ஆட்சியை உதறிய நாளின் பெயர் அது. 2014-15, 2015-16 பருவங்களை வென்ற 'ஃபுட்டெபோல் பென்ஃபிகா'வோ புகழ்பெற்ற பென்ஃபிகா அன்று. அப்பெயருள்ள லிஸ்பன் பேட்டையின் இன்னொரு கிளப்.

2016-17இல் சம்மேளனம் லீக்கைத் திருத்தியமைத்துப் பெரிய கிளப்புகளை அழைத்தது. வந்த முதல் பருவத்திலேயே ஸ்போர்ட்டிங் வென்றது. பென்ஃபிகா 2018இல் இரண்டாம் பிரிவில் நுழைந்து, முதல் ஆட்டத்தில் 28-0 என்று வென்றது. அந்த எண்ணைக் கண்டு மகிழ எனக்கு மனமில்லை. எதிரணியில் நின்ற பதினோரு பெண்களும் வேலைக்கும் படிப்புக்கும் நடுவே பந்து உதைத்தவர்களாகவே இருந்திருப்பர். 2020-21 முதல் 2024-25 வரை ஐந்து பட்டங்களும் பென்ஃபிகாவுக்கே.

கிடைத்த பலனையும் மறுக்க முடியாது. 2023இல் போர்ச்சுகல் பெண்கள் முதன்முறையாக உலகக் கோப்பையில் ஆடினார்கள். அமெரிக்காவுக்கு எதிராக, கோலில்லாத ஆட்டத்தின் கடைசிக் கணங்களில், அனா கபேத்தா அடித்த பந்து கம்பத்தில் பட்டுத் திரும்பியது. உள்ளே போயிருந்தால் நடப்புச் சாம்பியன் அன்றே வீடு திரும்பியிருக்கும். சம்பளமும் பயிற்சியும் இன்றி அந்தக் கம்பம் வரை வந்திருக்க முடியாது. ஆனால் 1924இல் மீன்பிடி ஊருக்குத் திறந்திருந்த கதவு 1934க்குப் பின் மூடியது போலவே, சின்ட்ராவுக்குத் திறந்திருந்த கதவும் மூடிவிட்டது.

மூன்று வீட்டாரில் கடைசியாகப் போர்ட்டோ தன் பெண்கள் அணியை 2024இல் களமிறக்கியது. அதே நகரத்துப் போவாவிஸ்டா பெண்கள் முதல் பட்டத்தை வென்று அப்போது 38 ஆண்டுகள் ஆகியிருந்தன.